நம்ம பேச்சு போனுக்கு வெளங்குமா?



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலிஎலையில் நமது சங்கக் காரியாலயத்துக்கு ஒரு அக்கா வந்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். கையில் சம்பளத் துண்டு. அந்த மாதத்தில் நான்கு நாளுக்கு அரைப்பேர் போட்டிருந்தார்கள். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கென்று கிலோ கழித்தார்கள், அதனால்தான் நிறை வரவில்லை என்பது அவருடைய முறைப்பாடு. நியாயமான முறைப்பாடு. அதை எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த அக்காவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும், எழுத வராது.

கூட வந்த பேத்தி பத்தாம் தரத்தில் படிக்கிற பிள்ளை. "அப்பாயி, நீங்க போன்ல பேசுங்க, அதுவே எழுதிக்கிரும்" என்று சொல்லி மைக் அடையாளத்தை அமர்த்திக் கொடுத்தாள். அக்கா பேசினார்: "பெரட்டுக்குப் போயி ஆறரைக்கெல்லாம் மலைக்கு ஏறிட்டோம். அப்பறம் பாத்தா அரப்பேரு போட்டிருக்காங்க." போனில் விழுந்த எழுத்தைப் பேத்தி வாசித்தாள்: "பரோட்டாவுக்குப் போய் ஆறரைக்கெல்லாம் மழைக்கு ஏறிட்டோம். அப்புறம் பார்த்தா யார் பேரு போட்டிருக்காங்க."

காரியாலயத்தில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "டீச்சர், அதுக்கு நம்ம பேச்சு வெளங்கலையா, இல்ல நமக்குத்தான் பேசத் தெரியலையா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். சுருக்கமான பதில் இது: நமக்குப் பேசத் தெரியும். போனுக்கு நம்மைக் கேட்டுப் பழக்கமில்லை. பழக்கியவர்கள் நம்மைக் கூப்பிடவில்லை. இனிமேலாவது அந்த வேலையில் நாமும் இறங்க வேண்டும், அதைச் சங்கமே முன்னின்று செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

போன் எப்படிக் கேட்கிறது?

நாம் பேசும்போது எழும் ஒலியை மைக் மின் அலையாக மாற்றுகிறது. போனோ, தூரத்தில் இருக்கிற கணினியோ அந்த அலையை ஒரு வினாடியில் நூறு துண்டு என்ற கணக்கில் நறுக்கிப் பார்க்கிறது. ஒவ்வொரு துண்டும் எந்த எழுத்தின் ஒலிக்குக் கிட்ட வருகிறது, அந்த எழுத்துக்கள் சேர்ந்தால் எந்தச் சொல்லாக இருக்கக்கூடும், முன்னால் வந்த சொல்லுக்குப் பின்னால் எது வருவது வழக்கம் என்று கணக்குப் போடுகிறது. அது சொல்வது ஒரு ஊகம்தான்.

அந்த ஊகம் எங்கிருந்து வருகிறது? முன்கூட்டியே அதற்கு ஆயிரக்கணக்கான மணி நேரக் குரல் பதிவுகளையும், அதில் பேசியதை எழுதிய எழுத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். எங்கள் பாடசாலையில் முதலாம் தரப் பிள்ளைக்கு நாங்கள் படமும் சொல்லும் காட்டிப் பழக்குவது போலத்தான். காட்டாத படத்தைப் பிள்ளை அடையாளம் காணாது. அதேபோல் "பெரட்டு" என்ற சொல்லை ஒரு தடவையும் கேட்காத யந்திரம், அதற்குக் கிட்ட உள்ள பழகின சொல்லைத் தேடும். பரோட்டா கிடைத்தது. "மலை"யையும் "மழை"யையும் நாம் பேசுகிறபடி பேசினால் எது எது என்று அதற்குத் தெரியாது. மலைக்கு ஏறுவது என்றால் வேலைக்குப் போவது என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகவே இதில் வெட்கப்பட நமக்கு ஒன்றுமில்லை. பெரட்டு என்பது ஆங்கிலப் "பரேட்" நம் வாயில் திரும்பிய சொல். கொந்தரப்பு "கொன்ட்ராக்ட்"டிலிருந்து வந்தது. காம்பரா போர்த்துக்கீசச் சொல். இருநூறு வருஷமாக இந்த மலையில் உழைத்த மக்கள் தங்கள் வேலைக்காகச் செய்துகொண்ட சொற்கள் இவை. செக்ரோல், அரைப்பேர், கைக்காசு, கவ்வாத்து, படங்கு, இஸ்தோப்பு எல்லாம் அப்படித்தான். நமது சம்பளமும் உரிமையும் இந்தச் சொற்களுக்குள்தான் இருக்கின்றன. "அரைப்பேர்" என்ற சொல் பிழையாக விழுந்தால் முறைப்பாடே இல்லாமல் போய்விடுகிறது.

தமிழ் எங்கே நிற்கிறது?

இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. 1952 இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடம் பூச்சியத்திலிருந்து ஒன்பது வரையான இலக்கங்களைக் கேட்டு அறியும் ஒரு யந்திரத்தைச் செய்தது. 1962 இல் ஐ.பி.எம். காட்டிய யந்திரத்துக்குப் பதினாறு சொற்கள் தெரியும். 2011 இல் அப்பிள் போனில் "சிரி" வந்த பிறகுதான் சாதாரண மக்கள் போனோடு பேச ஆரம்பித்தார்கள்.

தமிழுக்கு அது பின்னால்தான் வந்தது. 2017 ஓகஸ்ட்டில் கூகுள் தனது குரல் எழுத்து வசதியில் முப்பது மொழி வகைகளைப் புதிதாகச் சேர்த்தபோது இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. சிங்களமும் அப்போதுதான் வந்தது. 2022 செப்டெம்பரில் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் "விஸ்பர்" என்ற முறையை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது. அதைப் பழக்க 6 இலட்சத்து 80 ஆயிரம் மணி நேரப் பதிவுகள் பயன்பட்டன. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். தமிழின் பங்கு நூற்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை.

பட்டியலில் "இலங்கைத் தமிழ்" என்று இருப்பதால் நமது பேச்சும் உள்ளே இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்துப் பேச்சு ஒன்று, மட்டக்களப்புப் பேச்சு ஒன்று, முஸ்லிம் மக்களின் பேச்சு ஒன்று, மலையகப் பேச்சு ஒன்று. வானொலிச் செய்தி வாசிக்கிற தமிழ் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு.

நமது நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், வங்கி வேலைகளைக் குரலால் செய்யச் சொல்லும்போது சிங்களத்திலும் தமிழிலும் யந்திரம் எவ்வளவு விளங்கிக்கொள்கிறது என்று பார்த்தார்கள். சிங்களத்துக்கு அவர்களிடம் இருந்த பதிவு பல மணி நேரம். தமிழுக்கு இருந்தது சுமார் அரை மணி நேரம். அவர்கள் தமிழையும் சேர்த்து ஆய்வு செய்தது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் அந்த அரை மணி நேரத்தைப் பற்றி நாம் யோசிக்க வேண்டும். நாளைக்கு வங்கிகள் எல்லாம் "பேசுங்கள், போதும்" என்று சொல்லும்போது நமது ஆட்களின் பேச்சு எங்கே நிற்கும்?

இது நமக்கு மட்டும் வந்த நிலைமையும் இல்லை. 2020 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமேசன், அப்பிள், கூகுள், ஐ.பி.எம்., மைக்ரோசொப்ட் ஆகிய ஐந்து கம்பனிகளின் முறைகளைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேசிய நூறு சொல்லில் சராசரியாக 19 பிழை. கறுப்பின மக்கள் பேசிய நூறு சொல்லில் 35 பிழை. இத்தனைக்கும் இரண்டு பேர் பேசுவதும் ஆங்கிலம்தான். கறுப்பின மக்களின் பேச்சைப் போதிய அளவு கேட்காமல் யந்திரத்தைப் பழக்கியதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

நமக்கு இதனால் என்ன இலாபம்?

சங்கக் கூட்டத்தில் ஒரு அண்ணன் நேரடியாகவே கேட்டார்: "டீச்சர், லயத்துக் கூரை ஒழுகுது. சம்பளத்துக்கே இன்னும் போராடிக்கிட்டிருக்கோம். இப்ப இதுவா முக்கியம்?"

அவர் கேட்டது சரி. நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபா ஆவதற்கும் 2024 இல் 1,350 ரூபா ஆவதற்கும் எத்தனை வருஷம், எத்தனை கூட்டம், எத்தனை பேச்சுவார்த்தை என்பது நமக்கெல்லாம் தெரியும். கூரையையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு இதைப் பிடிக்கச் சொல்லவில்லை. ஆனால் கூரைக்கும் சம்பளத்துக்கும் நாம் கொடுக்கிற முறைப்பாடு யார் கையால் எழுதப்படுகிறது என்று பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பம், அஸ்வெசும படிவம், பிறப்புப் பதிவில் பிழை திருத்தம், பொலிஸில் முறைப்பாடு, ஆஸ்பத்திரியில் வருத்தத்தைச் சொல்வது எல்லாவற்றுக்கும் நமது தாய்மார் இன்னொருவரின் பேனாவை எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேனா சில நேரம் காசு கேட்கிறது. சில நேரம் சொன்னதைக் குறைத்து எழுதுகிறது. வீட்டில் நடக்கும் அடி உதையைப் பற்றி எழுத வேண்டியிருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

தான் சொன்னது சொன்னபடி எழுத்தாகி, அதைப் போன் திரும்ப வாசித்துக் காட்டினால், எழுத்துத் தெரியாத ஒருவருக்கு அது பெரிய பலம். கண் பார்வை குறைந்த வயதானவர்களுக்கும், கவ்வாத்துக் கத்தி பிடித்து விரல் மரத்துப்போனவர்களுக்கும் அப்படித்தான். 2019 இல் கூகுள் தனது சில போன்களில் அமெரிக்க ஆங்கிலத்துக்கு மட்டும் இணையம் இல்லாமலேயே போனுக்குள் எழுதும் வசதியைக் கொண்டுவந்தது. அதே வசதி நமது பேச்சுக்கும் வந்தால் சிக்னல் கிடைக்காத டிவிசனிலும் வேலை செய்யும், டேட்டா காசும் மிச்சம்.

குரலை வைத்து அமைப்பாவது நமது இயக்கத்துக்குப் புதிதல்ல. 1930களில் கோ. நடேசையரும் மீனாட்சியம்மாளும் தோட்டத் தொழிலாளரிடையே சங்கம் வளர்த்த காலத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். பாட்டைக் கேட்டவர்கள் லயத்துக்குப் போய் மற்றவர்களுக்குப் பாடிக் காட்டினார்கள். வாய்ச்சொல்லிலேயே சங்கம் பரவியது.

இந்தியாவில் சத்தீஸ்கரில் 2010 இல் "சிஜிநெட் ஸ்வரா" என்று ஒரு சேவை ஆரம்பமானது. காட்டுக் கிராமங்களில் இருக்கிற ஆதிவாசி மக்கள் சாதாரண பட்டன் போனில் அழைத்துத் தங்கள் குறையைத் தங்கள் பேச்சிலேயே பதிவு செய்தார்கள். மனிதர்கள் அதைக் கேட்டுச் சரிபார்த்து, மற்றவர்களும் போனில் கேட்கும்படி வெளியிட்டார்கள். சம்பளம் கிடைக்காதது, பாடசாலைக்கு ஆசிரியர் வராதது, குழாய்க்கிணறு உடைந்தது எல்லாம் அதில் வந்தன. பேச்சை எழுத்தாக்கும் யந்திரம் அதில் இல்லை. கேட்பதற்கு மனிதர்கள் இருந்தார்கள். நாமும் யந்திரம் திருந்தும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

நன்மையை மட்டும் சொன்னால் நான் போன் விற்கிற ஆளாகிவிடுவேன். சங்கத்து ஆளாக நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, நிறுவை. பல இடங்களில் தராசும் செக்ரோலும் டிஜிட்டல் ஆகிக்கொண்டு வருகின்றன. நாளைக்குக் கிலோவை வாயால் சொன்னால் போனே பதிந்துகொள்ளும் என்ற நிலை வரலாம். பதினாறும் பதினேழும் காதுக்குக் கிட்டக்கிட்ட இருக்கிற சொற்கள். காற்றும் மழையும் சத்தமும் இருக்கிற மலையில் யந்திரம் ஒன்றைக் குறைத்துக் கேட்டால் அது ஒரு கிலோ. ஒரு கிலோ குறைந்தால் ஒரு நாள் அரைப்பேர் ஆகலாம். குரலால் பதிவதாக இருந்தால் அந்த இடத்திலேயே அது திரும்ப வாசிக்கப்பட வேண்டும், தொழிலாளியின் கையில் துண்டு கொடுபட வேண்டும், பிழை என்றால் அங்கேயே திருத்த வழி இருக்க வேண்டும். "சிஸ்டத்தில அப்படித்தான் இருக்கு" என்ற பதிலை நாம் ஏற்கக் கூடாது.

இரண்டாவது, ஒட்டுக் கேட்டல். பேச்சை விளங்கிக்கொள்ளும் கருவி கூட்டத்தையும் விளங்கிக்கொள்ளும். வேலைக்கென்று கம்பனி கொடுக்கும் போனிலோ, போடச் சொல்லும் செயலியிலோ மைக் எப்போது திறந்திருக்கிறது, பதிவு எங்கே போகிறது என்று எழுத்தில் கேட்க வேண்டும். குரலும் கைரேகை மாதிரி ஒரு ஆளை அடையாளம் காட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரியல் அடையாளத் தரவுகளை விசேடமாகப் பாதுகாக்க வேண்டிய வகையில் வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவருவது இழுபட்டுக்கொண்டே வந்தது. அது வரும் வரும் என்று காத்திருக்காமல், நிர்வாகத்தோடு பேசும்போதே நாம் நிபந்தனையாக வைக்கலாம்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய பயம். 1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. பதுளை மாவட்டத்தில் ஹாலிஎல உட்படப் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இரு மொழியிலும் வேலை நடக்க வேண்டிய பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. அப்படியிருந்தும் தமிழில் பேசக்கூடிய உத்தியோகத்தர் இல்லாமல் திரும்பி வந்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கிறது. நாளைக்கு மேசையில் ஒரு போனை வைத்து "இதில் தமிழில் பேசுங்கள், எங்களுக்குச் சிங்களத்தில் வரும்" என்று சொல்லலாம். அவசரத்துக்கு அது உதவும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைக் காட்டித் தமிழ் உத்தியோகத்தர் நியமனத்தை நிறுத்த இடம் கொடுக்கக் கூடாது. மலையை மழை என்று கேட்கிற யந்திரம் ஒரு தாயின் பொலிஸ் முறைப்பாட்டை மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? யந்திரம் பிழை விட்டால் யார் பொறுப்பு? தமிழில் பதில் பெறுவது நமது உரிமை. போன் அதற்கு மாற்றீடு ஆகாது.

நான்காவது, போலிக் குரல். 2023 ஜனவரியில் மைக்ரோசொப்ட் ஆய்வாளர்கள் மூன்று வினாடிக் குரலை வைத்தே அந்த ஆள் பேசுவது போலப் பேச வைக்கும் முறையைக் காட்டினார்கள். பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்கிற குடும்பங்கள் நம்மில் ஏராளம். "அம்மா, அவசரமா காசு போடுங்க" என்று மகனின் குரலிலேயே அழைப்பு வந்தாலும், போனை வைத்துவிட்டு, உங்களிடம் இருக்கிற மகனின் நம்பருக்கு நீங்களே திரும்ப எடுங்கள். குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை வைத்துக்கொள்வதும் நல்லது. இதை இன்றைக்கே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

நியூசிலாந்தின் வட கோடியில் மாவோரி மக்களின் ஒரு சின்ன வானொலி நிலையம் இருக்கிறது. பெயர் "தே ஹிக்கு மீடியா". ஒரு காலத்தில் பாடசாலையில் தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கிய மக்கள் அவர்கள். 2018 இல் அந்த நிலையம் மக்களைக் கூப்பிட்டு, வசனங்களை வாசித்துப் பதிவு செய்யச் சொன்னது. பத்தே நாளில் இரண்டாயிரத்து ஐந்நூறு பேரளவில் சேர்ந்து 300 மணி நேரத்துக்கு மேல் பதிவு கொடுத்தார்கள். அதை வைத்து மாவோரி மொழியைக் கேட்டு எழுதும் முறையை அவர்களே செய்தார்கள். காசு கொடுத்துக் குரலை வாங்க வந்தவர்களுக்கு விற்க மறுத்தார்கள். அந்தப் பதிவுகளுக்கு மக்களே சொந்தக்காரர், நிலையம் வெறும் காவல்காரர் என்று விதி எழுதி வைத்தார்கள்.

இந்தியாவில் பெங்களூரைச் சேர்ந்த "கார்யா" என்ற அமைப்பு இன்னொரு வழியில் போனது. கிராமத்து ஏழை மக்கள் தங்கள் மொழியில் பேசிப் பதிவு செய்வதை வேலையாகவே கணக்கெடுத்து, மணிக்கு ஏறத்தாழ ஐந்து டொலர் கொடுத்தது. அந்தப் பதிவு திரும்ப விற்கப்பட்டால் அதிலும் பங்கு உண்டு என்றது. குரல் கொடுப்பதும் உழைப்பு என்பதை அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். கொழுந்துக்கு விலை கேட்கிற நாம் குரலை மட்டும் ஏன் சும்மா கொடுக்க வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் இருபது பேர், ஆளுக்கு அரை மணி நேரம் பேசினால் பத்து மணி நேரம். இப்படிப் பத்துத் தோட்டம் சேர்ந்தால் நூறு மணி நேரம். ஹாலிஎல, தெமோதரை, பசறை, நமுனுகுல பக்கத்தை மட்டும் எடுத்தாலும் முடியாத காரியம் இல்லை. விஸ்பர் போன்ற திறந்த முறைகள் இருப்பதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதும் இல்லை. இருக்கிற முறைக்கு நமது பேச்சைக் கூடுதலாகப் பழக்கலாம். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினி படிக்கிற நமது பிள்ளைகளும் இருக்கிறார்கள். கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

ஆகவே மாவட்டக் கமிட்டியின் முன்னால் சில யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று, சொற்பட்டியல். ஒவ்வொரு தோட்டத்திலும் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் பெரியவர்களிடம் உட்கார்ந்து வேலைச் சொல், வீட்டுச் சொல், வருத்தத்துக்குச் சொல்லும் சொல் எல்லாம் எழுதட்டும். சி.வி. வேலுப்பிள்ளை நமது மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டி வைத்ததால்தான் அவை இன்றைக்கு நம்மிடம் இருக்கின்றன. அதே வேலையைப் பேச்சுக்கும் செய்வோம். இதற்கு ஒரு கொப்பியும் பேனாவும் போதும்.

இரண்டு, பதிவு. முதலில் பேச வேண்டியவர்கள் மலையில் வேலை செய்யும் பெண்களும் வயதானவர்களும். படித்த ஆண்களின் குரலை மட்டும் சேர்த்தால் பழைய பிழையை நாமே திரும்பச் செய்தவர்கள் ஆவோம். பேசுகிறவரின் சம்மதம் வாயாலும் எழுத்தாலும் வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு எதுவும் பதிவில் வரக்கூடாது. வேண்டாம் என்று பிறகு சொன்னால் அழித்துவிட வேண்டும்.

மூன்று, சொந்தம். பதிவுகள் சங்கத்தின் பொறுப்பில், பேசியவர்களின் பெயரால் இருக்க வேண்டும். எந்தக் கம்பனி கேட்டாலும் கமிட்டியில் வைத்துப் பேசித்தான் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும். காசு வந்தால் பேசியவர்களுக்குப் பங்கு இருக்க வேண்டும்.

நான்கு, பேச்சுவார்த்தை. வேலை இடத்தில் குரல், விரலடையாளம், முகம் எதைப் பதியும் கருவி வந்தாலும் முன்கூட்டியே சங்கத்துக்கு அறிவித்துச் சம்மதம் பெற வேண்டும் என்ற நிபந்தனையை அடுத்த தடவை நிர்வாகங்களோடு பேசும்போது வைக்க வேண்டும்.

இதற்கிடையில் ஒரு சின்ன வேலையை நாங்கள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரியாலயத்தில் உயர்தரப் பிள்ளைகள் இரண்டு பேர் இருப்பார்கள். எழுத வராதவர்கள் வந்து சொல்லலாம். சொன்னதைச் சொன்னபடி எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, சரி என்ற பிறகுதான் கையெழுத்து வாங்குவார்கள். காசு இல்லை. வர முடியாதவர்கள் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினாலும் கேட்டு எழுதி வைப்பார்கள்.

அந்த அக்காவின் முறைப்பாட்டை அன்றைக்குப் பேத்திதான் கையால் எழுதினாள். "அரைப்பேர்" என்ற இடத்தில் நிறுத்தி, "அப்பாயி, இத எப்படி எழுதறது?" என்று கேட்டாள். பத்து வருஷம் பாடசாலைக்குப் போன பிள்ளை. அவளுடைய அப்பாயியின் உழைப்பை அளக்கிற சொல்லை எந்தப் பாடப்புத்தகமும் அவளுக்குக் காட்டவில்லை. நானும் காட்டவில்லை. அதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

முறைப்பாடு கொடுத்தாகிவிட்டது, பதில் இன்னும் வரவில்லை, விடமாட்டோம். வாசித்துக் காட்டியபோது அக்கா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். கடைசியில், "ஆமா, இதத்தான் நான் சொன்னேன்" என்றார்.

யந்திரம் எழுதினாலும் மனிதர் எழுதினாலும் நமது ஆட்கள் கடைசியில் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தோட்டத்துச் சொற்கள் பத்தையாவது எழுதிக் கொண்டு வாருங்கள்.